ஆறு மூலை

கட்டுகஸ்தோட்டை,
ஜூலை 9, புதன்கிழமை.

என் அன்புள்ள ஷிராணிக்கு,

மாதாவின் காவல் உனக்கு இருக்கட்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரியை எழுத மனசு வரவில்லை. கடைசியில் எழுத முடிகிறதா பார்ப்போம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. உன் மகன் ஜெரோமுக்கு உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து எதுவும் இல்லை. இந்த நிமிஷம் அவன் என் முன்னால் பாயில் உட்கார்ந்து, ஒரு மரக்கட்டைக்காக வகுப்புத் தோழன் அஹ்னாப்போடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறான். விஷயம் அவனுடைய கண். அதைத்தான் எழுதப்போகிறேன்.

கையில் போன் இருக்கும்போது எவளாவது கடிதம் எழுதுவாளா என்று கேட்பாய். உனக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அன்றைக்கு நீ எடுத்தால் ஜெரோம் போனை விடமாட்டான், உன் புருஷன் லக்ஸ்மனும் பக்கத்தில் நிற்பான். அதற்கு நடுவில் இதை நான் எப்படிச் சொல்ல? அதோடு போனில் என்றால் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், இரண்டு பேரும் மூக்கைச் சிந்திச் சிந்தியே விஷயம் போய்விடும். நல்லவேளை, உன்னோடு சைப்பிரஸில், லிமசோலில் வேலை செய்கிற இராஜகுமாரி லீவில் தெல்தெனியவுக்கு வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் பார்சலை வாங்கிக்கொள்வாள். ஞாயிறு காலைப் பூசையில் உன் கையில் தருவதாகச் சொன்னாள். பின்னேரம் நீ மகனோடு பேசுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிட வேண்டும்.

நீ சைப்பிரஸ் போவதற்கு முதல்நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாய். "மார்கிரட், இவன் டீவிக்குக் கிட்டப் போய் நிக்கிறான். கூப்பிட்டா பக்கத்துல வந்துதான் யாருன்னு பாக்குறான். இவன் கண்ணைக் கொஞ்சம் பாத்துக்க" என்றாய். நான் என்ன சொன்னேன்? "அடி போடி, கார்ட்டூன் போட்டா எல்லாப் புள்ளையும் டீவிக்குள்ளதான் போகும், பத்து வருசமா நான் பாக்காத புள்ளையா" என்று சிரித்தேன். உனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவனுடைய ஞானத்தாய், போதாததற்கு நேர்சரி டீச்சர். என் வார்த்தையை நம்பி நீ பஸ் ஏறினாய். சாப்பாட்டைப் பார், காய்ச்சலைப் பார் என்றெல்லாம் நீ கேட்கவில்லை. கேட்டது அது ஒன்றைத்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமும் நான்கு மாதமும் நான் உனக்குச் சொன்னதெல்லாம் ஒரே பாட்டு. உன் மகன் கெட்டிக்காரன், வகுப்பில் முதலாவது, வடிவங்கள் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்று. பொய் சொல்லவில்லை ஷிராணி, அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தவணை முழுக்க எங்களுக்கு வடிவங்கள்தான். நம் கோயில் ஹோலின் பக்கச் சுவரில் நான்கு பெரிய அட்டைகள் ஒட்டியிருந்தேன். கதவுப் பக்கமிருந்து வட்டம், முக்கோணம், சதுரம், செவ்வகம். காலையில் ஜெபம் முடிந்ததும் அடிமட்டக் கோலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவேன், இருபத்திரண்டு பிள்ளைகளும் கூரை பறக்கக் கத்துவார்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் இருந்த இடத்தில் எழும்பித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெரோம் கடைசி வரிசையிலிருந்து எழும்பி ஒருநாள்கூடப் பிழைவிடாமல் கணீரென்று சொல்வான். கடைசி வரிசையில் போட்டதும் நான்தான். உன்னைப்போல வளர்த்தி, முன்னால் இருந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு மறைக்கிறான்.

வெள்ளிக்கிழமை பிஸ்கட் நாள். மாரி பிஸ்கட் வட்டம், கிரீம் கிரேக்கர் சதுரம், வேஃபர்ஸ் செவ்வகம். பெயரைச் சொன்னால்தான் வாயில் போடலாம். முக்கோணத்துக்கு நான் பிஸ்கட்டை எங்கே தேட? அலவத்துகொடவிலிருந்து வருகிற அஹ்னாப் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு டப்பாவைக் கொண்டுவந்து, "எங்க உம்மா முக்கோணம் சுட்டுத் தந்தாங்க டீச்சர்" என்றான். திறந்து பார்த்தால் சமோசா! அன்றிலிருந்து என் வகுப்பில் பாதிப் பேருக்கு முக்கோணத்தின் பெயர் சமோசாதான். எவ்வளவு சொல்லியும் மாற்ற முடியவில்லை.

துணிப்பை விளையாட்டில் உன் மகனை வெல்ல ஆளில்லை. பைக்குள்ளே மரக்கட்டைகளைப் போட்டு வாயைக் கட்டியிருப்பேன், பார்க்காமல் கையை விட்டுத் தடவிப் பெயர் சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கும். ஜெரோம் முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, கை பட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவான். ஒருநாள் லக்ஸ்மனின் த்ரீவீல் ஆட்டோவை முற்றத்தில் நிறுத்தி, அதில் என்னென்ன வடிவம் இருக்கிறது என்று தேடவிட்டேன். சக்கரம் வட்டம், முன் கண்ணாடி செவ்வகம் என்று எல்லாரும் கத்திக்கொண்டிருக்க, உன் மகன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, அதில் இருந்த நட்டை விரலால் சுற்றிச் சுற்றித் தடவி, "டீச்சர், இதுக்கு ஆறு மூலை இருக்கு, இது பேரு என்னா?" என்று கேட்டான். நாலரை வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது! அறுகோணம் என்று சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆறு மூலை என்றே சொல்லிக்கொண்டு திரிகிறான். அன்று உனக்கு எவ்வளவு பெருமையாக வொய்ஸ் மெசேஜ் போட்டேன், நீயும் கேட்டிருப்பாய்.

இப்போது யோசித்தால் எல்லாம் என் கண்ணுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. முற்றத்தில் சுண்ணாம்புத் தூளால் பெரிய பெரிய வடிவங்கள் போட்டு, சதுரம் என்று நான் கத்தினால் எல்லாரும் ஓடிப்போய்ச் சதுரத்துக்குள் நிற்க வேண்டும். ஜெரோம் எப்போதும் வகுப்பிலுள்ள மதனி என்கிற பெண்பிள்ளையின் கவுனைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுவான். மாப்பிள்ளை பொண்ணை விடமாட்டேன் என்கிறாரே என்று நான் கேலி செய்வேன். கட்டையைக் கொடுத்தால் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவான், மோந்து பார்க்கிற எலிக்குஞ்சே என்று செல்லம் கொஞ்சுவேன். எங்களுக்கு இலைக்கஞ்சி காய்ச்சித் தருகிற வடிவம்மா ஒருநாள், "டீச்சர், இந்தப் புள்ள கோப்பையத் தடவித்தான் எடுக்குது" என்றாள். கஞ்சி பிடிக்காத பிள்ளை அப்படித்தான் இழுத்தடிக்கும் என்று அவள் வாயையும் மூடினேன். என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லாமல் போய்விட்டது.

ஜூன் கடைசியில் பேய் மழை. ஹோல் கூரை ஒழுகி, சுவர் நனைந்து, நான்கு அட்டைகளும் ஊறி விழுந்துவிட்டன. மறுநாள் பெற்றோர் தினம். அவசரமாகப் புது அட்டை வெட்டி, சுவரில் காய்ந்த இடமாகப் பார்த்து ஒட்டினேன். முக்கோணம் முதலில் வந்தது, பிறகு செவ்வகம், பிறகு வட்டம், கடைசியில் சதுரம். வரிசை மாறியதை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு வடிவம் தெரியும், வரிசையில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பெற்றோர் தினத்துக்குப் பங்குச் சாமியாரும் வந்திருந்தார். தாய் தகப்பன்மார் எல்லாரும் பின்னால் கதிரைகளில் இருந்தார்கள். லக்ஸ்மன் காக்கிச் சட்டையோடு கதவடியில் நின்றான். என் கெட்டிக்காரப் பிள்ளையைக் காட்ட வேண்டும் என்று ஜெரோமைத்தான் முதலில் எழுப்பினேன். முக்கோணத்தைத் தட்டினேன். வட்டம் என்றான். யாரோ சிரித்தார்கள். செவ்வகத்தைத் தட்டினேன். முக்கோணம் என்றான். ஹோல் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பைக் கேட்டு அவனுக்குச் சந்தோஷம், தானும் சிரித்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சதுரம், செவ்வகம் என்று நான் தட்டுவதற்கு முன்னாலேயே சொல்லி முடித்தான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவா? உனக்குத்தான் என்னைத் தெரியுமே. வேண்டுமென்று கோமாளித்தனம் பண்ணி என் மானத்தை வாங்குகிறான் என்று நினைத்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அட்டைகளுக்குக் கீழே சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். எல்லார் முன்னாலும். அவன் தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க. ஷிராணி, இதை எழுதாமல் விட்டிருக்கலாம், லக்ஸ்மன் உனக்குச் சொல்லமாட்டான். ஆனால் இதை மறைத்துக்கொண்டு மற்றதை எழுத என்னால் முடியாது.

மற்றப் பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். பாட்டு நடுவில் அவன் குரல் கேட்டது. "டீச்சர், டீச்சர், யாரோ மாத்திட்டாங்க. முக்கோணம் இங்க வந்திருக்கு" என்றான். சுவரில் மூக்கு முட்டுகிற மாதிரி நின்று, அட்டையை அப்படியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நண்டு போகிற மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, "இது செவ்வகம். இது வட்டம். இது சதுரம்" என்று ஒவ்வொன்றாகச் சரியாகச் சொன்னான். சொல்லிவிட்டு, "இப்ப சரியா டீச்சர்? போய் ஒக்காரவா?" என்று கேட்டான்.

பாட்டு நின்றுவிட்டது. என் கையில் அடிமட்டம் அப்படியே இருந்தது. தண்டனைக்கு நிற்க வைத்த இடத்தில்தான் அவன் அந்த அட்டைகளை முதல்தடவையாகப் பார்த்திருக்கிறான். அதுவரை கடைசி வரிசையிலிருந்து சொன்னதெல்லாம் மற்றப் பிள்ளைகள் கத்தியதைக் கேட்டுக் காதால் பிடித்துக்கொண்ட வரிசை. நான் தினமும் ஒரே வரிசையில் தட்டியதால் அவன் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவனுக்குத் தெரியவில்லை என்று அவனுக்கே தெரியாது. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

லக்ஸ்மன் வந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பின்னாலேயே ஓடினேன். த்ரீவீலை ஸ்டார்ட் பண்ணிவிட்டுத்தான் வாயைத் திறந்தான். "எல்லார் முன்னாலயும் நிக்க வச்சிட்டீங்களே டீச்சர்" என்றான். எப்போதும் மார்கிரட் என்று கூப்பிடுகிறவன் டீச்சர் என்றதில் எனக்கு மிச்சமும் புரிந்துவிட்டது.

பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நேரம். மிச்சத்தை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை.

மதனியின் தாய் வதனா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருக்கிறாள். பெற்றோர் தினத்தன்று எல்லாரும் போனபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இது குழப்படி இல்லை, வேணுமெண்டு செய்யேல்லை, பிள்ளைக்குக் கண் தெரியேல்லை. செவ்வாய்க்கிழமை காலமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் நிக்கிறன்" என்றாள். நான் வேண்டாம் என்றா சொல்வேன்? முரண்டு பிடித்தது உன் புருஷன்தான். "எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. கண்ணாடி போட்டா சோடாப்புட்டின்னு பேரு வைப்பானுங்க" என்று ஒரே பிடிவாதம். ஒரு செவ்வாய் அப்படியே போய்விட்டது. போன ஞாயிறு நீ பேசும்போது நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோமே, அதையும் சேர்த்து மன்னித்துவிடு.

அவனைக் கோபிக்காதே. அவனுடைய பயம் கண்ணாடி இல்லை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. இந்தச் செவ்வாய் காலை குட்ஷெட்டுக்குப் போய் அவனுடைய த்ரீவீலில் ஏறி உட்கார்ந்தேன். எங்கே போகணும் என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டான். கண் கிளினிக்குக்கு, வழியில் ஒரு சின்ன ஆளையும் ஏற்றணும், மீட்டரைப் போடு என்றேன். ஹாண்டிலைப் பிடித்தான், ஸ்டார்ட் பண்ணவில்லை. பிறகு சொன்னான். "அவ அங்க தனியா கெடந்து அழுவா மார்கிரட். யாருகிட்டப் போய்ச் சொல்லி அழுவா? பாதியில விட்டுட்டு ஓடி வந்துருவா. வந்து என்னையப் பாத்து, ஒரு புள்ளைய ஒனக்குப் பாக்கத் தெரியலியான்னு கேட்டா நான் என்னா சொல்ல?" என்று அழுதுவிட்டான். நானும்தான். பக்கத்து த்ரீவீல்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

கிளினிக்கில் ஒரு சின்ன வயசு டொக்டர், சிங்களப் பெண். நல்ல பொறுமை. எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கென்று ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள். அதிலும் வடிவங்கள்தான், வட்டம், சதுரம், ஒரு வீடு, ஒரு ஆப்பிள். தூரத்தில் பிடித்துக்கொண்டு, புத்தா, அதாவது மகனே, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். ஜெரோம் என் குரல் வந்த பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, "வட்டம், முக்கோணம், சதுரம், செவ்வகம்" என்று கணீரென்று ஒப்பித்தான். அந்த அட்டையில் முக்கோணமே இல்லை. டொக்டர் என்னைப் பார்த்தார். அவன் பதில் சொன்னது அட்டைக்கு இல்லை, எனக்கு. டீச்சருக்குச் சந்தோஷம் வரட்டும் என்று. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ வேலை செய்கிற வீட்டு மேடத்தின் மகள் டொக்டருக்குப் படிக்கிறாளே, அவளிடம் சொல்லிக் கேட்டாலும் கேள். இரண்டு கண்ணிலும் தூரப்பார்வை குறைவு, பிறவியிலேயே வந்தது. வலது கண் கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரியும். இடது கண் கூடுதலாகப் பழுது. இவ்வளவு நாளும் வலது கண்ணாலேயே பார்த்துப் பழகியதில், மூளை இடது கண்ணைக் கணக்கெடுக்காமல் விட்டுவிட்டதாம். அதை எழுப்ப வேண்டும் என்றால் நாள் முழுக்கக் கண்ணாடி போட வேண்டும், தினமும் இரண்டு மணித்தியாலம் நல்ல கண்ணை ஒரு சின்னத் துணித்துண்டால் மூடி, மோசமான கண்ணை மட்டும் வேலை செய்ய வைக்க வேண்டும். ஏழு வயசுக்குள்ளே செய்தால் நன்றாகத் திரும்பி வர இடமிருக்கிறது, அதற்குப் பிறகு போனால் கஷ்டம். அவனுக்கு இப்போது நாலே முக்கால். நீ சொன்ன அன்றே காட்டியிருந்தால் மூன்று வயசும் சில மாதமும். அந்தக் கணக்கைத்தான் நான் மூன்று நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலையிலேயே கண்ணாடி கிடைத்தது. கடைக்காரர் போட்டுவிட்டு, முகம் பார்க்கிற கண்ணாடியை நீட்டி, பார் என்றார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கதவு வழியாகத் தெருவைப் பார்த்தான். வாய் திறந்தபடி இருந்தது. தெருவுக்கு இறங்கியதும் அண்ணாந்து பார்த்து, "அப்பா, அந்த மலையில வெள்ளையா ஒரு பெரிய ஆளு ஒக்காந்திருக்காங்க, யாரது?" என்று கேட்டான். பஹிரவகந்த புத்தர்! கண்டியில் எந்தத் தெருவில் நின்றாலும் தெரிகிற புத்தர். அந்தச் சிலைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, "இவரு எப்ப வந்தாரு?" என்று கேட்கிறான். லக்ஸ்மன் அந்தப் பக்கம் திரும்பி, ரோட்டில் எதையோ தேடுகிற மாதிரி நின்றான். இப்பத்தான் வந்தாரு மகன், உன்னைப் பாக்கத்தான் வந்தாரு என்று நான் சொன்னேன். கோயிலில் சாமியார் கேட்டால் என்ன சொல்வாரோ.

நேர்சரிக்கு வந்ததும் கதவடியிலேயே நின்று, சுவரில் இருந்த நான்கையும் சொன்னான். முக்கோணம், செவ்வகம், வட்டம், சதுரம். யாரும் கேட்கவில்லை, தானாகவே சொன்னான். அட்டைகளை இனிமேல் வாராவாரம் மாற்றி ஒட்டப்போகிறேன். மற்ற இருபத்தொரு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கதவடியில் நிறுத்திப் பார்த்துவிட்டேன், எல்லாருக்கும் தெரிகிறது. இதை உனக்கு ஆறுதலுக்கு எழுதவில்லை. செய்ய வேண்டியதை இப்போதாவது செய்கிறாளா என்று நீ கேட்பாய் என்று எழுதுகிறேன்.

கண்ணாடி அவனுக்குப் பிடித்துவிட்டது. பிடிக்காதது அந்த மூடுகிற துண்டுதான். டொக்டர் மூடிக் காட்டியபோதே பிய்த்து எறிந்துவிட்டான். பின்னே, தெரிகிற கண்ணை மூடினால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? அதனால் இன்று வகுப்பில் அதையே விளையாட்டாக்கினோம். கறுப்பு ஃபெல்ட் துணியில் ஆளுக்கொரு வடிவம் வெட்டி, இலாஸ்டிக் கோத்து, எல்லாரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார்கள். மதனிக்கு வட்டம். அஹ்னாப்புக்குச் சமோசா, வேறென்ன. எனக்குச் செவ்வகம். வடிவம்மாவுக்குக்கூட ஒரு சதுரம் கட்டிவிட்டார்கள், அவள் அப்படியே கஞ்சிப் பானையைத் தூக்கப்போய் நான் கத்த வேண்டியதாயிற்று. ஜெரோம் மட்டும் கட்டமாட்டேன் என்றான். இரண்டு துண்டு வெட்டித் தா என்று கேட்டான். அவனே கோடு போட்டான், நான் வெட்டினேன். இரண்டுக்கும் ஆறு மூலை. ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு என்றான். "அம்மா போட்டுக் காட்டினா நான் திங்கக்கெழமையில இருந்து தெனமும் போடுறேன். அம்மா போடலன்னா நானும் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். உன்னுடைய பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

பார்சலில் கறுவாத்தூளுக்குக் கீழே, சின்ன உறைக்குள்ளே அது இருக்கிறது. மூலை ஒன்று கொஞ்சம் கோணல், அது என் கத்தரிக்கோல் செய்த வேலை, அவனுடைய கோடு நேர்தான். ஞாயிறு பின்னேரம் அதைப் போட்டுக்கொண்டு அவனோடு பேசு. அந்தக் கண்ணைக் காப்பாற்ற நானும் லக்ஸ்மனும் எவ்வளவு ஓட்டமும் ஓடுவோம், ஆனால் அந்தத் துண்டை அவன் கண்ணில் கட்டவைக்க உன்னால்தான் முடியும்.

லக்ஸ்மனுக்கு இந்தக் கடிதம் தெரியும். நீங்களே எழுதுங்க, எனக்கு வாய் வரலை என்றான். நீ வா என்றும் நான் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். அது நீங்கள் இரண்டு பேரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. அவனிடம் அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிடாதே. பிள்ளையைப் பார்க்கத் தெரியவில்லையா என்று கேட்க வேண்டிய ஆள் நான். என்னைத் திட்டுவதென்றால் ஒரு சின்ன மெசேஜ் போடு, எந்த நேரம் என்றாலும் எடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ஜெரோமுக்கு விட்டுவிடு.

இன்னும் ஒன்று, இதற்காகத்தான் முன்னாலேயே படி என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் அவன் போனில் மூக்கை ஒட்டிக்கொண்டே இருக்கிறான், முத்தம் கொடுத்தே தீர்க்கிறான், அவன் முழு முகத்தைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது என்று நீ சொல்வாயே. சொல்லும்போது உனக்கு வரும் சந்தோஷத்தைப் பார்த்திருக்கிறேன். ஷிராணி, அவன் கொஞ்சவும்தான் வந்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு கிட்ட வந்தால்தான் அவனுக்கு நீ தெரிந்தாய். இன்று என் போனில் உன் படத்தை எடுத்துக் கொடுத்தேன். கையை நீட்டி, பெரிய மனுஷன் பேப்பர் படிக்கிற மாதிரித் தூரப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தான். ஞாயிறும் அப்படித்தான் செய்வான். கதிரையில் சாய்ந்து, போனைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூக்கில் ஒரு கண்ணாடியோடு உன்னைப் பார்த்துக்கொண்டு இருப்பான். பிள்ளை என்னை மறந்துவிட்டான், விலகிப் போய்விட்டான் என்று நினைத்துவிடாதே. முழு முகத்தையும் காட்டுவான், ஆசை தீரப் பார்த்துக்கொள். நீயும் சிரித்த முகமாக இரு. எவ்வளவு நேரம் பேசாமல் பார்த்தாலும் அவனைப் பார்க்க விடு.

முதல் வரியில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இங்கே ஜெரோம் சுகம்.

மாதா உன்னை உன் பிள்ளையிடம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும், என் கண்ணல்லவா, கிட்ட வா என்று அவனைக் கூப்பிடாதே.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாயில்லாத,
மார்கிரட்.